தோளில் விழுந்த கை

நிலக்காரர் பஞ்சநதம் சிரித்துக்கொண்டே வரப்பில் இறங்கினால் ஏதோ வில்லங்கம் இருக்கும் என்பது அம்சத்துக்குத் தெரியும். அன்று பூதலூர் ஸ்டுடியோக்காரர் அல்லா பிச்சையையும் காமிராவோடு கூட்டிவந்திருந்தார்.

"அறுப்பு நல்லா வந்திருக்கு. ஒரு போட்டோ எடுத்து வச்சுக்குவோம்" என்றார்.

எதற்காம்? நிலம் அவருடையது, அதைக் குத்தகைக்கு எடுத்து உழுவது அம்சத்தின் புருஷன் தங்கையன். எழுத்து ஒன்றும் கிடையாது. உழுகிற குத்தகைக்காரர் பெயரைப் பதியச் சொல்லிக் கழக ஆட்சியில் உத்தரவு வந்ததும் தங்கையன் மனுப் போட்டிருந்தான். பெயர் ஏறாவிட்டால் அடுத்த நடவுக்கு அந்த வயலில் கால்வைக்க முடியாது. இந்த நேரத்தில் இந்த மனுஷனுக்குப் படம் என்ன வேண்டிக்கிடக்கிறது!

பஞ்சநதம் அரிவாளோடு காமிராவுக்கு நேர் முன்னால் நின்றுகொண்டார். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரையும் தூரத்தில் குனிந்து அறுக்கச் சொன்னார். அம்சத்துக்குப் புரிந்துவிட்டது: நிலத்தைத் தானே பயிரிடுவதாகக் காட்டப்போகிறார். முன்னால் நிற்பவர் ஆளுயரம் தெரிவார். பின்னால் இருப்பவர்கள் கூலிக்கு வந்த யாரோ.

"அண்ணே, இவ்வளவு எட்டத்துல எங்க மூஞ்சி தெரியுமா?"

"தெரியாதும்மா. கிட்ட வந்தாத்தான் ஆளு யாருன்னு தெரியும்" என்றார் அல்லா பிச்சை.

"அப்ப ஐயாவுக்குப் பக்கத்துல இவரை நிக்கவச்சு, கிட்டத்துல ஒண்ணு எடுங்க."

மறுப்பார் என்று நினைத்தாள். பஞ்சநதமோ, "அதுக்கென்ன, வாடா தங்கையா" என்று இழுத்துத் தோளில் கைபோட்டுக்கொண்டார். தீட்டென்று அவர்கள் தெரு ஆள் எவன்மேலும் ஆயுசில் படாத கை. தங்கையன் கூசிச் சிரித்தான். அம்சத்துக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. ஆனால் கேட்டவளே அவள்தானே.

மனு விசாரணையில், பஞ்சநதம் அரிவாளோடு நின்ற முதல் படத்தை அதிகாரி ஒதுக்கிவிட்டார். "அரிவாளைப் பிடிச்சுக்கிட்டு யார் வேணாலும் நிக்கலாம்."

பஞ்சநதம் இரண்டாவது படத்தை நீட்டினார்.

"ஜில்லா முழுக்கக் குத்தகைக்காரனும் நிலக்காரனும் வெட்டிக்கிட்டு நிக்கிறாங்க சார். எந்தக் குத்தகைக்காரன் இப்படி ஒட்டி நிப்பான்? இவன் எங்க பண்ணையிலயே வளர்ந்த கூலியாளு. யாரோ தூண்டிவிட்டு மனுப் போட்டிருக்கான்."

படத்தில் வயலே இல்லை. இரண்டு முகம், ஒரு கை. அதிகாரி அதை வெகுநேரம் பார்த்தார்.

"இதை யாருப்பா எடுக்கச் சொன்னது?"

தங்கையனுக்குப் பொய் வராது. "நாங்கதாங்க கேட்டோம்."

மனு தள்ளுபடியானது.

திரும்பும் வழியில் வாய்க்கால் மதகருகே தங்கையன் நின்றான். "இருந்தாலும் கிட்டத்துல எடுத்ததுல என் மூஞ்சி நல்லாத்தான் விழுந்திருந்துது, இல்ல?"

அம்சம் அவன் துண்டை உருவி, தண்ணீரில் நனைத்து, அந்தத் தோளை அழுத்தித் துடைத்தாள்.