ஒரே எடையில் இரண்டு

மாத்திரை விழுங்கும் முன்பே எடுத்த ரத்தத்தில் மருந்து தெரிந்தால் யாருக்குத்தான் எந்திரத்தின் மேல் சந்தேகம் வராது? கார்குழலிக்கும் வந்தது.

மாதவரம் பக்கம் இருந்த அந்தச் சோதனைக்கூடத்துக்கு ஜன்னல் கிடையாது. மணலிக்குப் போகும் டேங்கர் லாரி தரையை அதிர வைத்தால்தான் வெளியே உலகம் ஒன்று இருக்கிறது என்பதே நினைவுக்கு வரும். மூச்சிரைப்புக்கான புது மாத்திரை ரத்தத்தில் எவ்வளவு சேர்கிறது என்று அளப்பது அவள் வேலை. மாத்திரை விழுங்கி ரத்தம் கொடுத்தவர்கள் வியாசர்பாடி ஆட்கள். கூட்டி வந்தது அவள் அண்ணன் பகலவன்.

எந்திரத்தைக் கழுவிப் பார்த்தாள், கரைசலை மாற்றிப் பார்த்தாள். மாத்திரைக்கு முன்னால் எடுத்த ரத்தத்திலும், திரையில் மருந்தைக் காட்டும் அந்த மேடு எழும்பியே நின்றது. கடைசியில் அண்ணனைப் பிடித்து, யாராவது காபி குடித்தார்களா என்று கேட்டாள்.

"காபியா? நம்ம பக்கம் யாரு தங்கச்சி காபி குடிக்கிறா, கவர்னரா? டீ குடிச்சோம். அத்த வாணாம்னு யாரும் சொல்லலியே."

மேலாளர் தேவப்பிரியம் எழுதி ஒட்டிய அறிவிப்பில், குடிக்கக் கூடாதது என்று காபி மட்டும்தான் இருந்தது. அவர் வீட்டில் காபிதான்.

டீயில் இருப்பதும் காபியில் இருக்கும் அதே காஃபீன்தான். அது உடம்பில் உடையும்போது வரும் பொருளுக்கும் இந்த மருந்துக்கும் ஒரே எடை. எடையை வைத்து ஆளைச் சொல்லும் எந்திரம் இரண்டையும் ஒன்றாகவே கூட்டிச் சொன்னது. எனவே எந்திரத்துக்குள் நுழையுமுன்னே இரண்டையும் பிரித்தாக வேண்டும். ரத்தச் சாற்றைக் குழாய்க்குள் இன்னும் மெதுவாக ஓட விட்டாள். கரைசலின் அளவைக் கூட்டிக் குறைத்தாள். ஒரு வாரம் பாடுபட்ட பிறகு ஒற்றை மேடு பிளந்து இரண்டாயிற்று: முன்னே ஒன்று, பின்னே ஒன்று. மருந்தின் அளவு இனி சுத்தம்.

தேவப்பிரியம் தாளைப் பார்த்து மெச்சினார். பிறகு டீயைக் காட்டும் இரண்டாவது மேட்டின் மேல் விரலை வைத்தார்.

"இதுதான் சாட்சி. உங்க ஆளுங்க கட்டுப்பாட்டை மீறிட்டாங்கன்னு எழுதிக் கையெழுத்துப் போடும்மா. எல்லாரையும் நீக்கிடலாம்."

"யாரும் மீறல சார். டீ கூடாதுன்னு நாம சொல்லவே இல்ல."

"அப்ப தப்பு என்னோடதுன்னு எழுதப் போறியா?"

பழைய முறைக்கே திரும்பினால் டீ தனியாகத் தெரியாது, அண்ணன் ஆட்கள் தப்பலாம். ஆனால் தப்பான அளவில் மாத்திரை வெளியே போகும், மூச்சுக்குத் திணறும் எவனோ ஒருவன் அதை விழுங்குவான். புது முறையை வைத்துக்கொண்டாலோ, அவள் பிரித்தெடுத்ததே அவர்களைக் காட்டிக் கொடுக்கும்.

புது முறைக்கான தாளில் கையெழுத்துப் போட்டாள். மீறல் என்ற தாளைக் கையெழுத்திடாமல் அப்படியே நகர்த்தி வைத்தாள். தேவப்பிரியம் அதில் தானே கையெழுத்திட்டார்.

சாயங்காலம் பகலவன் போன் செய்தான். "அடுத்த தபா எத்தினி பேர இட்டாரணும்?"

"யாரும் வேணாம்ணே. எல்லார் பேரையும் எடுத்துட்டாங்க."

"இன்னா தப்பு பண்ணோம்?"

"ஒண்ணும் பண்ணல."

"அப்ப அத்த அங்க சொல்லு. எங்கிட்ட ஏன் சொல்ற?"

பகலவன் போனை வைத்துவிட்டான். வேறு ஆட்களின் ரத்தக் குப்பிகள் தட்டில் காத்திருந்தன. அவள் புது முறையிலேயே ஓட விட்டாள்.