வீடு திரும்பிய புளிசோறு

யசோதரா கட்டிக்கொடுக்கும் சோற்றை யாராவது சாப்பிடாமல் விட்டால், விளக்கு வைக்கிற நேரத்துக்குள் அது புளியந்தோப்பு ஹவுசிங் போர்டு குடியிருப்பின் மூன்றாவது மாடிக்குத் திரும்பி வந்துவிடும். டப்பாவில் போனது டப்பாவை விட்டுவிட்டு வரும், இலையில் மடித்தது இலையோடு வரும். அடுப்புக்குப் பக்கத்துக் கடப்பைக்கல் மேடையில், போனது போனபடியே உட்கார்ந்திருக்கும். இப்போது காலேஜ் போகும் மகள் கார்குழலி இரண்டாம் வகுப்பில் முட்டைக்கோஸை ஒதுக்கிய அன்றுதான் இது முதலில் தெரியவந்தது. லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் அது எப்படி மேலே ஏறுகிறது என்று கொஞ்ச நாள் பேசினார்கள். பிறகு தண்ணீர் லாரி எப்போது வரும் என்ற பேச்சு வந்ததும் விட்டுவிட்டார்கள். எதிர்வீட்டுப் பச்சையம்மா தன் மகன் பள்ளிக்கூடத்தில் ஒழுங்காகச் சாப்பிடுகிறானா என்று பார்க்க ஒரு வாரம் யசோதராவைக் கட்டித் தரச் சொன்னாள். அந்தப் பையன் இன்றைக்கும் யசோதராவைக் கண்டால் அடுத்த படிக்கட்டில் இறங்கிவிடுவான்.

யசோதராவின் புருஷன் பகலவனின் அப்பா காலத்திலேயே பௌத்தம் தழுவிய குடும்பம் அது. பில்லி, சூனியம், அற்புதம் எதற்கும் அந்த வீட்டில் இடமில்லை. "ஏதோ ஒரு காரணம் கீது, இன்னும் யாரும் கண்டுபுடிக்கல, அவ்ளோதான்" என்பான் பகலவன். சோறு திரும்பி வந்தால் ராத்திரிக்குச் சூடு பண்ணிச் சாப்பிடுவார்கள்.

திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டில் அவனுக்கு வேலை. பல வருஷம் வெயிலில் நின்று, லாரிக்காரர்களோடு லாரி நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டவன். பொங்கலுக்குப் பிறகு சூப்பர்வைசர் ஆக்கி ஏசி ரூமுக்குள் உட்கார வைத்தார்கள். யசோதரா தெரு முழுக்க கேசரி கொடுத்தாள். அந்த வாரத்திலிருந்தே மத்தியானச் சோறு வீடு திரும்ப ஆரம்பித்தது. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, தினமும். கேட்டால், "வேல ஜாஸ்தி யசோ, துன்ன டைம் இல்ல" என்றான். டைம் இல்லாமல் பட்டினி கிடக்கிற மனுஷனுக்குத் தொப்பை எப்படிப் போடும்? அவளுக்குச் சந்தேகம் வந்தது. வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். பில் போடும் பிரிவில் ரேகா என்று ஒருத்தி இருந்தாள். ஞாயிற்றுக்கிழமையும் போன் பண்ணி, "சார், சார்" என்று குழைந்து பேசினாள். யசோதரா தன் மனசுக்குள் அவளுக்கு ஒரு வீடு கட்டி, அடுப்பு வைத்து, புருஷனை அங்கே பந்தியில் உட்கார வைத்துவிட்டாள். ஒருத்தியின் கைச்சோறு பிடித்துப்போய் இன்னொருத்தியின் சோற்றைத் திருப்பி அனுப்புகிறான் என்றால், அந்தக் குடும்பத்தில் பிறகு என்ன மிச்சம்?

இந்த நேரத்தில்தான் மே தினத்துக்கு யார்டு ஆட்கள் குடும்பத்தோடு பூண்டி ஏரிக்குப் பிக்னிக் போவதாக முடிவானது. ரேகாவை நேரில் பார்த்துவிடலாம் என்று யசோதரா சந்தோஷப்பட்டாள். மே மாத வெயில், வேனில் இரண்டு மணி நேரம். தேங்காய் சாதம் வழியிலேயே ஊசிப்போகும். எலுமிச்சை சாதம் மத்தியானத்துக்குள் கசந்துவிடும். தயிர் சாதம் என்றால் பாலை ஊற்றி ஒரு ஸ்பூன் தயிர் மட்டும் விட்டுக் கட்டவேண்டும், வேன் குலுக்கலில் சாப்பிடும் நேரத்துக்குப் பதமாக உறைந்திருக்கும். எது என்ன ஆனாலும் கெடாதது உப்புக்கண்டம். அவள் போடும் மாட்டு உப்புக்கண்டத்துக்கு அந்த பிளாக்கில் கைதட்டல் உண்டு.

"உப்புக்கண்டம் வறுத்து எட்த்துக்கலாமா?" என்று கேட்டாள்.

பகலவன் முகம் சுருங்கியது. "அதெல்லாம் இன்னாத்துக்கு? நமக்கு மட்டும் புளிசோறு கட்டு, போதும்."

"இத்தினி பேர் வராங்கோ, நாம மட்டும் துன்னா நல்லாவா கீது?"

"அவங்கவங்க எட்த்துகினு வருவாங்க யசோ. நீ ஏன் கெடந்து கஷ்டப்படற?"

யாரோ ஒருத்திக்குக் கவிச்சி ஆகாது போலிருக்கிறது என்று அவள் கணக்குப் போட்டாள். நம் சோற்றை அவளுக்குக் காட்டவே கூச்சப்படுகிறான். பிடிவாதம் ஏறிவிட்டது. உப்புக்கண்டத்தை விட்டுவிட்டு, வேனில் வரும் எல்லோருக்கும் ஆளுக்கொரு பொட்டலம் புளிசோறு என்று முடிவு செய்தாள். விடியுமுன் எழுந்து சோற்றை வடித்து, தாம்பாளங்களில் கொட்டி, ஃபேனுக்கடியில் ஆறவிட்டாள். சூட்டோடு கட்டினால் வேர்த்துப் பிசுபிசுத்துவிடும். நல்லெண்ணெய் தாராளமாக விட்டு, புளிக்காய்ச்சலைக் கிளறி, வாழையிலையில் மடித்து, மேலே பேப்பர் சுற்றி நூல் கட்டினாள். கார்குழலி தூக்கக் கலக்கத்தில் நூலை வெட்டிக் கொடுத்தாள். பகலவன் உதவிக்கு வரவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து பொட்டலங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். தப்பு செய்தவன் பார்வை இப்படித்தான் இருக்கும் என்று அவளுக்குப் பட்டது.

பூண்டியில் யசோதராவே ஒவ்வொருவர் கையிலும் பொட்டலத்தைக் கொடுத்தாள். எல்லோரும் சிரித்துக்கொண்டே வாங்கினார்கள். மரத்தடிக்கும் கரைக்கும் வேனுக்குமாகப் பிரிந்து போனார்கள். ரேகா இரண்டாவது பொட்டலமும் கேட்டு வாங்கினாள். "அக்கா, செம டேஸ்டு, ரெசிப்பி அனுப்புங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். மேனேஜர் கருணாகரன், இந்த மாதிரிப் புளிசோறு கோயிலில்கூடக் கிடைக்காது என்றார். கிரேன் ஓட்டும் கோதண்டம் என்ற கிழவன் மட்டும் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, "உப்பு கம்மிம்மா" என்று சொல்லிவிட்டுப் போனான். அவளுக்குச் சுருக்கென்று இருந்தது. பகலவன் தன் பொட்டலத்தை ஒரு பருக்கை விடாமல் தின்றான். ரேகா பக்கம் அவன் திரும்பவே இல்லை. திரும்பாததும் ஒரு சந்தேகம்தான். திரும்பி வரும் வழி முழுக்க வேனில் எல்லோரும் பாட்டுப் பாட, அவன் மட்டும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். மாதவரம் தாண்டியதும், "இன்னிக்கி நாம லேட்டா வூட்டுக்குப் போலாமா?" என்று கேட்டான்.

கதவைத் திறந்தபோது மேடையில் இடம் போதாமல் பொட்டலங்கள் தரையிலும் உட்கார்ந்திருந்தன. பலதில் கட்டின நூல்கூட அவிழவில்லை. சிலதில் முள்ளும் ஏரிக்கரை மண்ணும் ஒட்டியிருந்தன. புதரில் வீசியதும் நாய் வருவதற்குள் கிளம்பி வந்திருக்கவேண்டும். ரேகா வாங்கிய இரண்டும் வந்திருந்தன. கோயிலைத் தோற்கடித்த பொட்டலமும் வந்திருந்தது.

யசோதரா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "தெனம் இதான் நடக்குதா?"

பகலவன் நின்றுகொண்டே சொன்னான். "அந்த ரூம்ல எல்லாரும் டப்பாவ நடுவுல வெப்பாங்க. எல்லாருதும் காலி ஆவும். என்துல மட்டும் கை படாது. வாயத் தொறந்து ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, சிரிச்சிகினே இருப்பாங்க. எந்த வூட்டு சோறுன்னு அவங்களுக்குத் தெரியும் யசோ. எனுக்கு அங்க தொண்டைல எறங்கல. ஹைரோட்ல பரோட்டா துன்னுட்டு வந்துருவேன்."

"என் கைல சொல்றதுக்கு இன்னா?"

"நாலு மணிக்கு எழுந்து ஆக்கறவ கைல எப்டி சொல்றது?"

அவளுக்கு அவமானமாகவும் கோபமாகவும் இருந்தது. இத்தனை மாசம் இவனைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்பது எல்லாவற்றையும்விட வலித்தது. அழுதாள். கார்குழலி பொட்டலங்களை எண்ணிக்கொண்டிருந்தாள். அவர்கள் மூன்று பேர் தின்றது போக இன்னும் ஒன்று குறைந்தது. மறுபடி எண்ணினாள், குறைந்தது.

யசோதரா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு பொட்டலத்தைப் பிரித்து வாயில் போட்டாள். உப்பு கம்மியாகத்தான் இருந்தது. பாராட்டிய யாரும் அதைச் சொல்லவில்லை. தின்றவனுக்குத்தானே தெரியும்?

அன்றைக்கு பிளாக் முழுக்க புளிசோறுதான். பச்சையம்மா வீட்டில் மூன்று பொட்டலம் ஓடியது, அந்தப் பையனே வந்து வாங்கிக்கொண்டு போனான். எதுவும் மேடைக்குத் திரும்பவில்லை. மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது யசோதரா உப்புக்கண்டத்தை வறுத்து டப்பாவில் சோற்றோடு வைத்தாள். பகலவன் மூடியைத் திறந்து பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான், டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு போனான்.

அன்று விளக்கு வைத்த பிறகும் மேடை வெறுமனே இருந்தது. அவன் வந்து காலி டப்பாவைக் கழுவப் போட்டபோது கேட்டாள்.

"எல்லாத்தையும் நீயே துன்னியா?"

"பாதிதான். இந்தத் தபா உப்பு கரீட்டா கீதுன்னாரு கெழவரு."

அடுத்த நாளிலிருந்து அவள் உலையில் ஒரு ஆழாக்கு அரிசி சேர்த்துப் போட்டாள்.