சுளுக்கு ராணி

"இண்டிகேட்டர் போடுங்கம்மா! நீங்க திரும்பப் போறது பின்னாடி வர்றவனுக்கு ஜோசியமா தெரியும்?"

கார் ஓட்டக் கற்றுத்தரும் மாஸ்டருக்குக் காலையிலிருந்தே கத்திக் கத்தித் தொண்டை வறண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் மகளின் பள்ளியிலிருந்து போன் வந்தது. "உடனே வாங்க சார். உங்க பொண்ணுக்கு மறுபடியும் சுளுக்கு."

மாஸ்டர் வண்டியை ஓரங்கட்டச் சொல்லி இறங்கினார். அது சுளுக்கு இல்லை என்று அவருக்குத் தெரியும். பத்தாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்த நோய். சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்து ரத்தக்குழாயை அடைக்கும்போது எலும்புக்குள் வலி எடுக்கும். யாருக்கும் ஒட்டுகிற நோய் அல்ல. ஆனால் உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? நாளைக்குப் பெண்ணைக் கட்டிக்கொடுக்க வேண்டுமே என்று பயந்து, "யார் கேட்டாலும் சுளுக்குன்னு சொல்லு" என்று அவரும் மனைவியும் அவளுக்குப் பாடம் சொல்லி வைத்திருந்தார்கள். ஒரு தடவை கையில் சுளுக்கு, அடுத்த தடவை முதுகில் சுளுக்கு. எத்தனை தடவைதான் ஒரு பெண்ணுக்குச் சுளுக்கும்? வகுப்பில் அவளுக்கு 'சுளுக்கு ராணி' என்று பட்டமே கட்டிவிட்டார்கள்.

அவர் போய்ச் சேர்ந்தபோது மகள் பெஞ்சில் சுருண்டு கிடந்தாள். காலில் ஐஸ் பை. "இன்னும் கொஞ்ச நேரம் வச்சா சரியாயிடும்டா" என்று விளையாட்டு டீச்சர் அக்கறையாக அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். சுளுக்கென்று சொன்னால் யாரும் செய்கிற உதவிதான். ஆனால் இந்த நோய்க்குக் குளிர் ஆகவே ஆகாது. வலியை இன்னும் கூட்டிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் தாங்கினாளே தவிர, அப்பா சொன்ன சொல்லை அந்தப் பெண் மீறவில்லை.

ஆஸ்பத்திரியில் மருந்து ஏறி வலி அடங்கியதும் அவள் மெல்லச் சொன்னாள். "இனிமே நான் ஸ்கூலுக்குப் போகலப்பா."

"வலிதான் குறைஞ்சிடுச்சே, கண்ணு?"

"வலி பழகிடுச்சுப்பா. 'ஓடுறதுக்குப் பயந்து நடிக்கிறா'ன்னு எல்லாரும் பாக்கறாங்களே, அதுதான் பழகல. சில நாள் நெஜமாவே நடிக்கிறேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுது."

"உண்மையைச் சொன்னா நாளைக்கு எவன்டி உன்னைக் கட்டுவான்?" என்று கட்டில் ஓரம் நின்ற அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சொல்லாமத் திரும்பறவன்தான் ஆபத்துன்னு அப்பா ஊருக்கெல்லாம் கத்துத்தர்றாரு. என்னை மட்டும் சொல்லாமலே ஓட்டச் சொல்றாரு."

மாஸ்டர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். "சொல்லிடலாம்மா. நானே வந்து சொல்றேன்."

"வேணாம், நான் சொல்றேன். நீங்க வாசல்ல நில்லுங்க, போதும்."

உடம்பு தேறியதும் அவள் பள்ளிக்குப் போனாள். வகுப்பில் எல்லார் முன்னாலும் நின்று, கரும்பலகையில் ஒரு வட்டமும் ஓர் அரிவாளும் வரைந்தாள்.

"இது உங்க ரத்தம். இது என் ரத்தம். பக்கத்துல உக்காந்தா ஒட்டாது. நான் அடிக்கடி தண்ணி குடிப்பேன், அடிக்கடி வெளிய போவேன். எனக்குக் குளிர் ஆகாது. வலிக்குதுன்னு சொன்னா நம்புங்க, அது போதும்."

முதலில் நடுங்கிய குரல் போகப்போக நிமிர்ந்துவிட்டது. கடைசி பெஞ்சு வாயாடி ஒருத்தி சும்மா இருப்பாளா? "அப்போ இனிமே அரிவாள் ராணியா?" என்றாள்.

எல்லார் தலையும் அவள் பக்கம் திரும்பியது.

"சுளுக்கு ராணிக்கு இது எவ்வளவோ தேவலை! இனிமே பாத்து நடந்துக்கோ" என்று சொல்லி முதலில் சிரித்தவள் அவள்தான். வகுப்பும் சேர்ந்து சிரித்தது. வாயாடி எழுந்து, "ஏய், ஃபேனுக்குக் கீழ உக்காராத, இங்க வா" என்று நகர்ந்து இடம் கொடுத்தாள்.

வாசலில் மாஸ்டர் பக்கத்தில் நின்றிருந்த விளையாட்டு டீச்சர் கலங்கிப்போயிருந்தார். "முன்னாடியே தெரிஞ்சிருந்தா ஐஸ் வச்சிருப்பேனா சார்?"

"தப்பு உங்க மேல இல்ல டீச்சர். பிள்ளையோட நோயை மறைச்சா நோய் குறையாது, அவ தனியாச் சுமக்கிற பாரம்தான் கூடும். இது எனக்கு இப்பதான் உறைக்குது. அவ நோய் யாருக்கும் ஒட்டாது டீச்சர். எங்க வெட்கம்தான் அவளுக்கு ஒட்டிக்கிச்சு."