சாலைக்கு அந்தப் பக்கம்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இது என் கதையில்லை. கால்பந்து மைதானத்தில் கிளப்புக்கு நிதி திரட்ட சாசேஜ் சுட்டுக்கொண்டே டெனீஸ் கார்மடி சொன்னது. எங்கள் ஊர் மருத்துவமனையின் மூத்த செவிலி அவள். “எழுதறதுன்னா எழுதுப்பா. என்னைத் தியாகி ஆக்கிராத” என்றாள்.

2

முதல் தொடக்கம்: கூட்டாட்சி அமைப்பில் பொதுச் சுகாதாரப் பொறுப்பு என்பது…

(ஐயோ, வேண்டாம். எழுந்து போய்விடுவீர்கள்.)

இரண்டாவது: தொற்று வந்த ஆண்டு, ஒரு ஞாயிறு காலை, முதியோர் இல்லத்தில் மாத்திரை கொடுக்கக்கூட ஆளில்லை. தொற்றாளரோடு பழகியதாக ஊழியர் அத்தனை பேரையும் வீட்டில் அடைத்துவிட்டார்கள். உள்ளே முப்பத்தொரு பெரியவர்கள். இல்லம் மத்திய அரசின் பொறுப்பு. எதிரே இருக்கும் மருத்துவமனை மாநிலத்தின் பொறுப்பு. நடுவில் ஒரு தார்ச்சாலை. மாற்று ஆட்கள் வருகிறார்கள் என்றது மத்திய அரசு. அது எங்கள் வேலையில்லை என்றது மாநிலம். மணி பத்தாகிவிட்டது.

3

கிரகாம், மருத்துவமனையில் டெனீஸின் மேலாளர். இவனை வில்லனாக்கப் பார்த்தேன், முடியவில்லை. பயந்த மனிதன், அவ்வளவுதான். சாலையைத் தாண்டினால் காப்பீடு கிடையாது, செவிலி உரிமமே போய்விடும் என்று வாசலில் மறித்தான்.

“அங்க ஒன்பது பேருக்கு இன்சுலின் போடணும், கிரகாம். லைசென்ஸை நாளைக்குப் பாத்துக்கலாம்.”

சொல்லிவிட்டு அவள் கண்ணில் நீர்…

(அழவில்லையாம். பசியாயிருந்ததாம்.)

மூன்று செவிலியரோடு, ஓட்ஸ் கஞ்சியைத் தள்ளுவண்டியில் ஏற்றிச் சாலையைக் கடந்தாள். என்ன நெஞ்சழுத்தம்! உள்ளே லெஸ், ஒருகாலத்தில் ஆட்டுக்கு ரோமம் கத்தரித்தவர், நனைந்த படுக்கையில் கிடந்தார்.

“இந்த ஓட்டல்ல சர்வீஸ் சரியில்லம்மா.”

துடைத்துவிட்டு ஊட்டினாள். இந்த இடத்தில் எனக்கு எழுத வரவில்லை. கைகூப்பத்தான் தோன்றியது.*

* எல்லோரும் பிழைத்தார்கள் என்றுதான் முதலில் எழுதினேன். டெனீஸ் அந்த வரியை அடித்துவிடச் சொன்னாள். பிழைத்தவர்கள் இருபத்தாறு பேர்.

4

முடிவு ஒன்று: பதக்கம் தருகிறார்கள். (அவளே சிரிப்பாள்.)

முடிவு இரண்டு: உரிமம் பறிபோகிறது. (எழுதக் கை கூசுகிறது.)

இப்போதைக்கு நடந்திருப்பது இவ்வளவுதான். விசாரணைக் குழுவிடமிருந்து ஒரு படிவம் வந்திருக்கிறது. யாருடைய உத்தரவின்பேரில் சென்றீர்கள்? கட்டங்கள் இரண்டு: மத்திய அரசு, மாநில அரசு. மூன்றாவது கிடையாது. பொய்யாக நிரப்பினால் குற்றம். காலியாக விட்டால் உரிமம் நிறுத்தம்.

பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வார்டில் எட்டாம் படுக்கையிலிருந்து அழைப்பு மணி அடித்தது. எழுந்து போய்விட்டாள்.

படிவம் மேசையில்தான் இருக்கிறது. நாளைக்குள் அனுப்ப வேண்டும். நீங்கள் நிரப்புங்கள், பார்ப்போம்.