இரண்டாவது ஏசி

"காபி!" என்று நொரீன் கத்தினாள்.

கத்தாமல் சக்கரத்தில் ஓடும் அந்த வண்டி வீட்டில் ஒரு காரியம் நடக்காது. காபி போட வேண்டுமென்றால் "காபி" என்று கத்த வேண்டும். மைக்ரோவேவ் என்றால் "மைக்ரோவேவ்" என்று கத்த வேண்டும். மற்றவர் ஓடிப்போய் முன்னறை ஏசியை அணைத்துவிட்டு "ஆச்சு!" என்று பதில் கொடுத்த பிறகுதான் பட்டனைத் தொடலாம். மறந்து தொட்டால் கரண்ட் போய் மொத்த வண்டியும் பட்டென்று செத்துவிடும். இரண்டு வருடமாக இதே கூத்து. முப்பத்தெட்டு வருடம் ஒழுங்கான வீட்டில் குடித்தனம் நடத்தியவள், ஒரு வாய் காபிக்கு ஊரைக் கூட்ட வேண்டியிருக்கிறதே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இன்று பதில் வரவில்லை. அவள் கணவன் வெர்னன் பதினோராவது நாளாகக் கூரைமேல் இருந்தான்.

கூரையில் இரண்டு ஏசி உண்டு. ஒன்று முன்னறைக்கு, ஒன்று பின்னால் படுக்கையறைக்கு. ஒன்று ஓடினால் மற்றது ஓடாது; இரண்டையும் சேர்த்து ஓட வைக்கத்தான் அவன் மேலே ஏறியிருந்தான். போன கோடையில் வடக்கே மலைப்பக்கம் பைன் மரத்தடியில் நின்றதால் அது பெரிதாகத் தெரியவில்லை. இந்த வருடம் வெர்னனின் பழைய தபால் ஆபீஸ் சிநேகிதர்கள் இருக்கிறார்கள் என்று பாலைவனத்து ஊரான யூமாவுக்கு வந்து மாட்டிக்கொண்டார்கள். ஜூலை மாதம், நூற்றுப் பதினாலு டிகிரி. நொரீனுக்கு நரம்பு வியாதி. உடம்பு சூடேறினால் கால் இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்காது. முந்தாநாள் படுக்கையறையிலிருந்து குளியலறைக்கு நாலு எட்டு வைப்பதற்குள் விழுந்துவிட்டாள். அரை மணி நேரம் தரையில் கிடந்தாள். வெர்னன் அப்போதும் கூரைமேல்தான் இருந்தான்.

அன்றைக்கே தங்கை கார்லாவுக்குப் போன் போட்டாள். கார்லா வடக்கே மலை ஊரான ஃப்ளாக்ஸ்டாஃபிலிருந்து வந்துகொண்டிருக்கிறாள். மாலை நாலு மணிக்கு வந்து அழைத்துப் போவதாக ஏற்பாடு. அக்டோபர் வரைதான் என்று நொரீன் வெர்னனிடம் சொல்லியிருக்கிறாள். ஒருமுறை இறங்கிவிட்டால் திரும்ப இந்தத் தகர டப்பாவுக்குள் ஏற மாட்டோம் என்பது அவளுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும் என்றுதான் தோன்றியது. இல்லாவிட்டால் மனிதன் இந்த இரண்டு நாளாகச் சோறு தண்ணீர் இல்லாமல் இப்படிக் கொதிக்கும் கூரையில் உட்கார்ந்திருப்பானா? அதை நினைக்கும்போதெல்லாம் பாவமாக இருந்தது. அடுத்த நிமிடமே எரிச்சலாக இருந்தது.

வண்டி வீடுகள் நிற்கும் அந்த மைதானத்தில், பக்கத்து இடத்தில் எல்டனின் பஸ் வீடு நிற்கிறது. அதில் இரண்டு ஏசியும் இரவும் பகலும் ஓடுகின்றன. "அவரை ஒரு வார்த்தை கேளேன்" என்று நூறு தடவை சொல்லியாயிற்று.

"அவன் பஸ்ஸு ஐம்பது ஆம்ப்பு கரண்ட் எடுக்கும், நம்மது முப்பதுதான். அவன்கிட்ட கேட்டு என்ன ஆகப்போவுது? முப்பது வருஷம் தபால் குடுத்தவன் நான். ஒருத்தன்கிட்ட வழி கேட்டதில்ல."

"ஆமா, அதான் நம்ம கல்யாணத்துக்கே ரெண்டு மணி நேரம் லேட்டா வந்தே" என்றாள் நொரீன்.

மூன்று மணிக்குக் கூரையிலிருந்து குரல் வந்தது. "நொரீன்! புதுசா ஒண்ணு மாட்டியிருக்கேன். மூடியெல்லாம் போட்டாச்சு. ரெண்டையும் போட்டுப் பாரு!"

இரண்டையும் போட்டாள். முன்னது ஓடியது. பின்னது ஒரு முக்கு முக்கியது. எல்லாம் நின்றது.

"போய்ச் சுவிட்சைத் தட்டிவிடு!" என்றான், இதற்கென்றே அவளைக் கட்டிக்கொண்டவன் மாதிரி.

கைத்தடியை ஊன்றிக்கொண்டு இறங்கினாள். கரண்ட் பெட்டி பத்தடி தூரம்தான், ஆனால் பாதியில் முழங்கால் நடுங்கத் தொடங்கிவிட்டது. பெட்டிக்குப் பக்கத்தில் கிடந்த மடக்கு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். கண்ணுக்கு நேரே வண்டியின் கரண்ட் வயர். அதன் முனையில், பிளக்குக்கு ஒரு ஜாண் பின்னால், கறுப்பு டேப் சுற்றிய ஒரு முண்டு. வண்டியை விற்ற கிழவர் காலத்திலிருந்தே அப்படித்தான் இருந்தது. இன்றைக்கு வெயிலில் பசை இளகி, டேப் வழுக்கிக்கொண்டு தொங்கியது.

நொரீன் அதைப் பிடித்து உரித்தாள். உள்ளே ஒரு இணைப்பு. பிளக்கைப் பெட்டியிலிருந்து பிடுங்கிவிட்டு இழுத்தாள், வரவில்லை. கைத்தடியைத் தொடையிடுக்கில் வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் திருகி இழுத்தாள். முனைத்துண்டு கழன்று மடியில் விழுந்தது. வயரின் முனையில் நாலு பின் உள்ள தடித்த பிளக் ஒன்று புத்தம் புதிதாக மின்னியது.

எல்டனின் பெட்டியில் சொருகியிருப்பதும் இதே பிளக்தான். தங்கள் பெட்டியைப் பார்த்தாள். எப்போதும் சொருகும் மூன்று ஓட்டைக்குக் கீழே, "அதெல்லாம் பணக்காரன் பஸ்ஸுக்கு" என்று வெர்னன் திறந்தே பார்க்காத மூடி. அதைத் தூக்கினாள். நாலு ஓட்டை. வண்டியும் ஐம்பது ஆம்ப்தான்; இரண்டு வருடமாக இந்தத் துண்டுதான் அதை முப்பதாக்கி வைத்திருந்தது.

"அட கடவுளே" என்றாள். சிரிப்பு வந்தது. தரையில் கிடந்த அந்த அரை மணி நேரம் ஞாபகம் வந்ததும் சிரிப்பு போய்விட்டது.

"என்ன பண்றே அங்க?"

"கால் வரல. இரு."

சொருகினாள். ஐம்பது ஆம்ப் சுவிட்சை மேலே தள்ளினாள். இரண்டு நிமிடத்தில் முன்னது ஓடியது. பின்னதும் முக்கியது, பிறகு சீராக ஓடத் தொடங்கியது.

கூரைமேல் காலால் உதைத்து ஆடும் சத்தம். "பாத்தியா! பாத்தியா நொரீன்! நான் சொன்னேன்ல? கார்லாவைத் திருப்பி அனுப்பு! அந்த எல்டன் பயலைக் கூப்பிட்டுக் காட்டணும்!"

நொரீன் கைத்தடியை எடுத்தாள். மடியில் கிடந்த முனைத்துண்டை எடுத்துக்கொண்டு, ஏணியிருக்கும் வண்டியின் பின்பக்கம்வரை வண்டியைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். தொங்கிய டேப்பாலேயே அதை ஏணியின் கடைசிப் படியில் கட்டினாள். இறங்குகிறவன் காலை வைக்கும் இடத்தில்.

உள்ளே படுக்கையறை குளிர்ந்துகொண்டிருந்தது. கட்டிலில் உட்கார்ந்ததும் காலுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக உயிர் வந்தது. கதவருகே பெட்டி கட்டித் தயாராக இருந்தது. போனில் கார்லா செய்தி அனுப்பியிருந்தாள்: பெட்ரோல் போட நின்றிருக்கிறேன் அக்கா, இன்னும் அரை மணி.

பதில் அடிக்கப் போய் நிறுத்தினாள். உள்ளே வந்து "நான் சரி பண்ணினேன்" என்று அவன் ஒரு வார்த்தை சொன்னாலும் போதும், கார்லாவோடு போய்விட வேண்டியதுதான். "தப்பு என்மேலதான்" என்று சொன்னால் இருந்து பார்க்கலாம். நாற்பது வருடத்தில் அவன் அதைச் சொல்லி அவள் கேட்டதில்லை.

எழுந்துபோய் ஒரு கோப்பைத் தண்ணீரை மைக்ரோவேவில் வைத்தாள். யாரிடமும் கத்தாமல் பட்டனை அழுத்தினாள். விளக்கு எரிந்தது, தட்டு சுற்றியது, இரண்டு ஏசியும் ஓடிக்கொண்டே இருந்தன.

பின்னால் ஏணி முனகியது. சீட்டியடித்துக்கொண்டே இறங்கினான். ஒரு படி. இன்னொரு படி. இன்னொன்று.

சீட்டி நின்றது. மைக்ரோவேவ் மூன்று முறை கூவி ஓய்ந்தது. அவன் கால் இன்னும் தரையில் படவில்லை.