விரல் சொன்னதும் மார்பு சொன்னதும்

சக்ரேஸ்வரி அம்மா கிட்ட நான் போட்ட சத்தம் ஆரணி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும். நர்ஸ்னா பொறுமையா இருக்கணுமாம். யாரு சொன்னது?

அவங்க வீட்டுக்காரர் சுமதிராஜ் ஐயா, அரிசி மண்டிக்காரர், நுரையீரல் கெட்டு எங்க வார்டுல இருந்தார். உள்ள சேர்ற கெட்ட காத்து வெளிய வராததுதான் அவருக்குப் பேஜார். அதுக்காக மூஞ்சில மாஸ்க் கட்டி, மிஷின் காத்தைத் தள்ளிகினு இருந்துச்சு. கெட்ட காத்து எவ்ளோன்னு பார்க்க மார்ல பொத்தான் மாதிரி ஒண்ணு ஒட்டியிருந்தோம். ஊசி வேணாம், லேசா சூடாகி தோல் வழியாவே அளந்துடும். ஒரே இடத்துல விட்டா தோல் புண்ணாயிடும், அப்பப்போ மாத்தி ஒட்டணும்.

அன்னிக்குச் சாயந்தரம் அப்படித்தான் கழட்டினேன். அதுக்குள்ள பக்கத்து பெட்டுல கூப்பிட, ஓடினேன். திரும்பி வந்தா மாஸ்க் தலகாணி மேல கிடக்குது. மூக்குல ஆக்சிஜன் குழாய், குமிழை முழுசா திருகியிருக்கு. ஐயா அசந்து தூங்கறார்.

"பொழுது சாஞ்சா நாங்க ஜைனருங்க எதுவும் வாயில வைக்க மாட்டோம், அன்புச்செல்வி. அதான் ஜல்தியா ரெண்டு இட்லி ஊட்டிட்டேன்"னாங்க சக்ரேஸ்வரி அம்மா. "ஆக்சிஜனையும் ஜாஸ்தி பண்ணேன். பாரு, விரல் மிஷின்ல தொண்ணூத்தெட்டு! இன்னிக்குத்தான் நல்லா தூங்கறார், எழுப்பிடாதே."

பொத்தானை மறுபடி ஒட்டினேன். சூடாகி எண் வந்தது. அய்யோ, மாஸ்க் இருந்தப்போ இருந்ததை விட எங்கயோ ஏறிப்போயிருக்கு!

"இது தூக்கமாம்மா? கெட்ட காத்து ஏறி மயங்கிகினு இருக்கார்! விரல் மிஷின் ஆக்சிஜனை மட்டும்தான் காட்டும், கெட்ட காத்தைக் காட்டாது. ஆக்சிஜன் நிறைய குடுத்தா இவருக்கு அது இன்னும் ஏறும். உங்களை யாரு தொடச் சொன்னது?"

கத்திகினே குமிழைக் குறைச்சேன். வாயில இட்லி மிச்சம் இல்லேன்னு பார்த்து மாஸ்க்கைக் கட்டி, தோளைத் தட்டிக் கூப்பிட்டேன். பதில் இல்ல. டாக்டர் ஓடி வந்து மிஷினைக் கூட்டி வெச்சார்.

"இன்னும் ஒரு வாய், இன்னும் ஒரு வாய்னு நான்தானே ஊட்டினேன்..." சுவத்தோரமா நின்னு அழுதாங்க அம்மா. என் கோவமெல்லாம் எங்க போச்சோ. பாவம், பசியோட படுக்க விடக் கூடாதுன்னுதானே செஞ்சாங்க. அவங்க கையைப் பிடிச்சிகினு நின்னேன். ரொம்ப நேரம் கழிச்சு எண் மெதுவா இறங்க ஆரம்பிச்சுது.

ஐயா கண்ணு தொறந்தார். ஜன்னலைப் பார்த்தார், நல்லா இருட்டிடுச்சு. அம்மாவைத் தேடி, மாஸ்க்குக்குள்ளயே கேட்டார்:

"நீ சாப்ட்டியா?"

"ஓ, அப்பவே சாப்ட்டேன்"னாங்க.

ஒரு வாய் கூட சாப்பிடல. இனிமே விடியற வரைக்கும் பச்சத் தண்ணியும் குடிக்க மாட்டாங்க.