மெட்ராசில் அச்சான பேச்சு

1977 ஐப்பசியில் ஒரு புதன்கிழமை சாயங்காலம் முதல் வன்னியபெருமாளின் வாயிலிருந்து பேச்சுக்குப் பதிலாக மோடத்தின் சத்தம் வந்தது. அப்போது அவனுக்கு முப்பத்தோரு வயது, தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை. கம்பெனியின் கம்ப்யூட்டர் மெட்ராசில் இருந்தது. அதை இங்கிருந்தபடியே போன் லைனில் ஓட்டவும் நிறுத்தவும் வழிசெய்யும் பொறுப்பு அவனுடையது. டெலிபோன் ரிசீவரை மோடத்தின் ரப்பர் குழிகளில் படுக்கவைத்தால் அது சீட்டியடித்து அங்குள்ள மெஷினோடு பேசும். பதினோரு நாள் மல்லுக்கட்டி, அந்தப் புதன்கிழமை காலையில்தான் லைன் அறுபடாமல் கிடைத்தது. அந்த நேரம் பார்த்துப் பியூன் மாசானம் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

“சார், ஒங்க வீட்டம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காவ. ஏழு மாசந்தான, பயமா இருக்காம். ஒங்களத் தேடுதாவ.”

“லைன் இப்பதான் கெடச்சிருக்கு அண்ணாச்சி. விட்டா இனி என்னைக்கோ. இந்தா வாரேன்னு சொல்லுங்க.”

மாசானம் போன கையோடு மோடம் புகைந்து செத்தது. வன்னியபெருமாள் ரிசீவரை எடுத்து, அதைப் போலவே தானே சீட்டியடித்துப் பார்த்தான். மெட்ராஸ் மெஷின் பதில் சொன்னது. உப்புக் கப்பலின் காகிதம் முழுக்க அச்சாகும்வரை நாலு மணி நேரம் மூச்சுவிடாமல் அடித்தான். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது, பிறந்த பெண்குழந்தை மூன்று மணி நேரம் இருந்துவிட்டுப் போயிருந்தது. மனைவி சண்முகத்தாயின் கட்டிலருகே நின்று வாயைத் திறந்தான். கீச்சென்று சீட்டிதான் வந்தது. அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். மறுவாரம் சாத்தான்குளத்துக்கு, பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

டாக்டர்கள் தொண்டையில் குறையில்லை என்றார்கள். கம்பெனி புது மோடம் வாங்கும் யோசனையைக் கைவிட்டது. அவன் சொல்ல நினைத்த பேச்செல்லாம் மெட்ராசில், யாரும் தட்டாமலே, டெலிபிரிண்டரில் இங்கிலீஷ் எழுத்தில் அச்சாகி விழுந்தது. ஒவ்வொன்றின் தலையிலும் சாத்தான்குளத்து விலாசம். மெட்ராஸ் ஆபீசில் ஆபரேட்டராக இருந்த சாயர்புரத்துத் தேவமணி அதைத் தமிழில் எழுதித் தபாலில் சேர்த்தாள். இரண்டு வருஷத்தில் இருநூற்றுக்கு மேல் போயிற்று. பதில் ஒன்றும் இல்லை. குழந்தையின் முகத்தைப் பார்க்காமல் போனதைத்தான் அவன் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தான்.

1980 தை மாதம் ஒரு மத்தியானம் சண்முகத்தாய் துறைமுக ஆபீசுக்கு வந்து அவன் எதிரே உட்கார்ந்தாள்.

“எல்லாக் கடுதாசியும் வாசிச்சேன். எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அன்னைக்கு அந்த லைன விட்டுட்டு வந்திருக்கலாம்லா?”

அவன் நீளமாகச் சீட்டியடித்தான், கண்ணில் நீர் வழிய. அவள் சரி என்று எழுந்து ஊருக்குப் போனாள். நாலாம் நாள் வந்த கடுதாசியில் ஒரே வார்த்தை இருந்தது: வந்திருக்கலாம். அடுத்த பஸ்ஸில் அவள் தூத்துக்குடிக்குத் திரும்பினாள்.

அதன்பின் அந்த வீட்டில் திங்கட்கிழமை கேட்டதற்கு வெள்ளிக்கிழமை மெட்ராசிலிருந்து தபாலில் பதில் வந்தது. குழம்பில் உப்பு சரியா என்று கேட்டாலும் அப்படித்தான். தெருவில் யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. நடுவில் ஞாயிறு வந்தால் ஒரு நாள் கூடும் என்பதால், அவசரமானவற்றைச் சண்முகத்தாய் வாரத் தொடக்கத்திலேயே கேட்டுவிடுவாள்.